பால் ஒத்துக்காத தாய்மாமன்

உடம்பைக் குறைக்கக் கிளம்புகிறவனுக்கு முதலில் குறைவது சிநேகிதர்கள். எடை அதற்கப்புறம்தான் குறையும், அதுவும் அதற்கு இஷ்டமிருந்தால். அரிசியோடு சேர்த்துப் பாலையும் விட்டுவிட்டால் சொந்தக்காரர்களும் குறைய ஆரம்பிப்பார்கள். என் விஷயத்தில் ஒரு கல்யாணமே குறையப் பார்த்தது.

எனக்கு அம்மாபேட்டையில் விதை, உரக் கடை. வாசலில் நெல் ரகங்களின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் போர்டு மாட்டியிருப்பேன். உள்ளே முதலாளி, அதாவது நான், சோற்றை விட்டுவிட்டு முட்டை உரித்துக்கொண்டிருப்பேன். விதை வாங்க வருகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்துக் கலங்கிப்போவார்கள். "ஏன் சேகரு, நீ விக்கிற நெல்லையே நீ திங்க மாட்டேங்குறியே, நாங்க நம்பி வாங்கலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார்.

எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். "சோத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார். அதில் ‘கொஞ்சம்’ என்கிற சொல் என் காதில் விழவில்லை. மறுநாளே மாவுச்சத்து இல்லாத சாப்பாட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டேன். அந்தக் குழுவில் இட்லிப் படம் போட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள். அவ்வளவு கண்டிப்பு.

சோறு போன இடத்தைப் பாலை வைத்து நிரப்பினேன். காலையில் காபியில் ஒரு கட்டி வெண்ணெய், மத்தியானம் பனீர், சாயங்காலம் சீஸ், ராத்திரி ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். கொஞ்ச நாளில் வயிறு பேச ஆரம்பித்தது. முதலில் முணுமுணுப்பு. பிறகு திருமண ஊர்வலத்துத் தவில் மாதிரி. (கடையில் உர மூட்டையைத் தடாலென்று கீழே போட்டுச் சமாளித்த சந்தர்ப்பங்கள் உண்டு.) குழுவில் கேட்டேன். "உங்களுக்குப் பால் ஒத்துக்கலை. நிறுத்திப் பாருங்க" என்று பதில் வந்தது. நிறுத்தினேன். வயிறு நிறுத்தவில்லை. அப்படியானால் எங்கேயோ பால் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று முடிவுகட்டி, துப்பறிய ஆரம்பித்தேன். எதைத் தட்டில் வைத்தாலும் முகர்ந்து பார்ப்பேன். "இதில் நெய் இருக்கா? தாளிச்சது எதில்?"

என் மனைவி மாலதி பொறுமைசாலி. ஆனால் அவளே ஒருநாள், "கீரைக்குள்ள மாடா ஒளிஞ்சிருக்கு? தின்னுட்டு எழுந்திரிங்க" என்றாள்.

சோறும் இல்லை, பாலும் இல்லை என்றால் மனிதன் எதைத்தான் தின்பது? முட்டை, பாதாம், கீரை, கறி. வாய்க்கு ருசியாக வேண்டுமென்றால் கூரியரில் வரவழைத்த பாதாம் லட்டு. டப்பாவில் ‘சர்க்கரையே இல்லை, பாலே இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். இரண்டும் இல்லையே என்ற தைரியத்தில் கணக்கில்லாமல் தின்பேன்.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா வசந்தாவின் மகள் யாழினி, தான் ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள். பையன் பெயர் அன்பரசன். சென்னையில் அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை. சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். அப்பா கலியபெருமாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மா பவுனம்மாள் வீட்டையும் அவர்கள் வாங்கிய கொஞ்ச நிலத்தையும் பார்த்துக்கொள்கிறார். பையனின் தாத்தா காலம்வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, கதிர் அறுத்துப் பிழைத்த குடும்பம். எங்களுடையது அப்படி ஆட்களை வைத்து வேலை வாங்கிய குடும்பம். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது தஞ்சாவூர் ஜில்லாவில் யாருக்கும் புரியும்.

அத்தான் காலமாகிவிட்டதால், யாழினிக்கு அப்பா ஸ்தானத்தில் நான்தான். எங்கள் பெரியப்பா வீட்டார் குதித்தார்கள். நான் யாழினிக்கு வக்கீலாக நின்றேன். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனுஷனுக்கு மனுஷன் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மேஜையைத் தட்டினேன். (அது பிளாஸ்டிக் மேஜை, சத்தம் சரியாக வரவில்லை. இரண்டாவது முறை தட்டினேன்.) பெரியப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னா சரிடா" என்றாள். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கொஞ்ச நாள் புல்லரித்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் நல்ல நாள் பார்த்து, பேசி முடிக்க அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினோம். அக்கா, மாலதி, நான், மூன்று பேர்தான். சாலையின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் பச்சையாக அலையடித்தது. என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் எவர்சில்வர் டப்பாவில் அவித்த முட்டை, வறுத்த பாதாம், லட்டு. ஒரு பாட்டிலில் எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்த தண்ணீர். அது குழுவின் கட்டளை.

"இதை எதுக்கு எடுத்துட்டு வர்றீங்க?" என்றாள் மாலதி.

"நான் எப்பவும் எடுத்துட்டுத்தானே போறேன்."

"அவங்க வீட்லயுமா?"

"உடம்புக்கு அவங்க வீடு நம்ம வீடுன்னு தெரியுமா?" என்றேன். இந்த வாக்கியத்தை இன்றைக்கும் ராத்திரி படுக்கையில் நினைத்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன்.

வாசலில் கோலம் போட்டு, புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் கலியபெருமாள் தெருவரைக்கும் வந்து அழைத்தார். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். வகுப்பறையில் அவர் நுழைந்தாலே சத்தம் அடங்கியிருக்கும் என்று தோன்றியது. பின்னால் பவுனம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க தம்பி, வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொல்லி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் என்னிடம் நீட்டினார்.

"பரவாயில்லைங்க, என்கிட்ட இருக்கு" என்று பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

சொம்பு அப்படியே அந்தரத்தில் நின்றது. மாலதி அவசரமாக வாங்கிக் குடித்தாள். அக்காவும் குடித்தாள். நான் எதையும் கவனிக்கவில்லை. எலுமிச்சைத் தண்ணீரின் பலன்களைத் தலைமையாசிரியருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

கேசரி வந்தது. சர்க்கரை, வேண்டாம் என்றேன். காபி வந்தது. பால், வேண்டாம் என்றேன். "சர்க்கரை போடாம, பால் போடாம குடுக்கட்டுமா தம்பி?" என்று பவுனம்மாள் கேட்டார். அதையாவது வாங்கிக் குடித்திருக்கலாம். ஆனால் வடிகட்டியில் ஏற்கனவே பால்காபி வடிகட்டியிருப்பார்களே என்று என் துப்பறியும் மூளை எச்சரித்தது. "வேண்டாங்கம்மா, சிரமப்படாதீங்க" என்றேன்.

பிறகு இலை போட்டார்கள். நல்ல காரியம் என்பதால் சைவச் சமையல். சாம்பார், வத்தக்குழம்பு, பூசணிக்காய்ப் பால் கூட்டு, முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம், வடை, பால் பாயசம், தயிர். கலியபெருமாள் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். இரண்டு குடும்பத்து ஆண்களும் சேர்ந்து சாப்பிடுவதுதான் அன்றைய காரியத்தின் முக்கியமான கட்டம். வந்த காரியமே அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

பவுனம்மாள் சோற்றுக் கரண்டியோடு குனிந்தார். நான் இரண்டு கைகளாலும் இலையை மறைத்தேன். "எனக்கு எதுவும் வேண்டாங்கம்மா. நான் கொண்டாந்திருக்கேன்."

துணிப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். மங்கலமான அந்தக் கூடத்தில் அவித்த முட்டையின் வாசனை பரவியது.

மாலதி எதிர் வரிசையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. வடையைத் தின்ன எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று பரிதாபப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முட்டைக்கோஸ் பொரியலையாவது தின்றிருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்பார்கள். தின்றிருக்கலாம். ஆனால் அது பால் கூட்டை உரசிக்கொண்டு கிடந்தது.

முட்டையை மென்றபடியே, நம் ஊரில் சர்க்கரை வியாதி பெருகியதற்கு அரிசிதான் காரணம் என்று ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். சொந்த நிலத்து நெல்லைக் குத்திப் பொங்கிய சோறு அது. கலியபெருமாள் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாலும் சேர மாட்டேங்குதா சார்?"

"சேரவே மாட்டேங்குது சார். தொட்டாலே தகராறு."

"அப்படியா" என்றார்.

திரும்பும் வழியில் காரில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாலதி மட்டும், "நீங்க என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்றாள். "அவர் படிச்ச மனுஷன், புரிஞ்சுப்பார்" என்றேன். அவர் படித்தவர்தான். அதனால்தான் அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் யாழினியிடமிருந்து போன் வந்தது. அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் பேசினாள்.

"மாமா, நேத்து அவங்க வீட்ல நீங்க தண்ணி கூடக் குடிக்கலையாமே?"

"பாட்டில்ல வச்சிருந்தேன்மா."

"சாப்பாடும் நீங்களே கொண்டு போனீங்களாமே?"

"டயட்டும்மா. உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும் மாமா. அவங்களுக்குத் தெரியாது. அன்புவோட அப்பா, இது வேண்டாம்ப்பா, வேற யோசிப்போம்னு சொல்லிட்டாராம். அவங்கம்மா நேத்துலேருந்து யார்கிட்டயும் பேசலையாம். எனக்காகப் பேசின ஒரே ஆளு நீங்கதானே மாமா."

போனை வைத்துவிட்டாள். கடையில் யாரோ பொட்டாஷ் கேட்டார்கள். யூரியா எடுத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் முந்தின நாள் முழுவதும் என் கண்முன் மறுபடியும் ஓடியது, இந்தத் தடவை அவர்கள் பக்கத்திலிருந்து. பெரிய வீட்டுத் தாய்மாமன் காரில் வந்து இறங்குகிறான். சொம்புத் தண்ணீரைத் தொட மறுக்கிறான். தன் தண்ணீரைத் தானே கொண்டுவந்திருக்கிறான். தன் சாப்பாட்டையும். இலையைக் கையால் மறைத்துக்கொள்கிறான். எங்கள் பெரியப்பா வந்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்.

கடையை மாலதியிடம் விட்டுவிட்டு, போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறினேன். பையும் இல்லை, டப்பாவும் இல்லை, பாட்டிலும் இல்லை. நீடாமங்கலம், திருவாரூர் எல்லாம் போனதே தெரியவில்லை. என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். மாவுச்சத்து, பால், வயிறு என்று விஞ்ஞானப்படி விளக்கினால் போதும் என்றுதான் அப்போதும் நம்பினேன்.

கலியபெருமாள் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார்" என்றார். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த பவுனம்மாளும் "வாங்க சார்" என்றார். நேற்று இருந்த தம்பி இன்று சார் ஆகிவிட்டேன். தண்ணீர் கொண்டுவரவில்லை. எதற்குக் கொண்டுவர வேண்டும்?

நான் விளக்கினேன். சர்க்கரையில் ஆரம்பித்து, பனீர் வழியாக, தவில் கச்சேரிவரை எதையும் மறைக்காமல் சொன்னேன். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். நிஜமாவே எனக்குப் பால் ஒத்துக்காது" என்று முடித்தேன்.

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லாத குரலில் பேசினார்.

"நான் முதல்முதலா வேலைக்குச் சேர்ந்த ஊர்ல சின்னதா ஒரு வீடு கட்டினேன் சார். பால் காய்ச்சுற விசேஷத்துக்கு ஸ்கூல்ல கூட வேலை பார்த்தவங்க அத்தனை பேரையும் கூப்பிட்டேன். எல்லாரும் வந்தாங்க. சந்தோஷமா வந்தாங்க. இவ டம்ளர்ல பால் ஊத்திக் கொண்டாந்தா. ஒருத்தர், எனக்குப் பால் ஒத்துக்காதுன்னாரு. பக்கத்துல இருந்தவரும் எனக்கும் ஒத்துக்காதுன்னாரு. வரிசையா எல்லாருக்குமே அன்னிக்குப் பால் ஒத்துக்காமப் போச்சு. மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டிருந்தாங்க." என்னைப் பார்த்தார். "அதனால, பால் ஒத்துக்காதுங்கற வார்த்தையை நான் கேக்குறது இது முதல் தடவை இல்லைங்க சார்."

மனப்பாடம் செய்து வைத்திருந்த விஞ்ஞானம் அத்தனையையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

உள்ளே பார்த்துச் சொன்னேன். "அம்மா, எனக்கு இலை போடுங்க."

பவுனம்மாள் கதவோரம் வந்து நின்றார். "விருந்துச் சாப்பாடு நேத்தோட போச்சுங்க. மிஞ்சின பாயசத்தை அக்கம்பக்கத்துல குடுத்தேன். ஏன் இவ்வளவு மிஞ்சிருச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம, கூடுதலா வச்சுட்டேன்னேன்." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "இன்னிக்கு வெறும் சோறும் மீன் குழம்பும்தான்."

"அது போதுங்கம்மா. தயிர் இருக்கா?"

"இருக்கு."

"பாலு?"

"இருக்கு. எதுக்கு?"

"எல்லாம் வேணுங்க."

இலை போட்டார். சோறு வைத்தார். மீன் குழம்பு ஊற்றினார். மாதக்கணக்கில் சோறு காணாத வாய் அது. முதல் கவளம் உள்ளே போனதும் நான் வந்த காரியமே மறந்துவிட்டது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். தயிர் விட்டுப் பிசைந்து, இலையை வழித்துத் தின்றேன். அதன்மேல் ஒரு டம்ளர் பால் குடித்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, கூடத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இப்பப் பாருங்க சார்" என்றேன். "அரை மணி நேரம். உங்களுக்கே தெரியும்."

என் திட்டம் அதுதான். வயிறே சாட்சி சொல்லட்டும். அவமானம்தான், ஆனால் நான் பொய்யன் இல்லை என்று நிரூபணமாகிவிடுமே.

கலியபெருமாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பரீட்சை அறையில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். பவுனம்மாள் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மின்விசிறி சுற்றியது. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. வயிற்றுக்குள் ஒரு சலனமும் இல்லை. அறுப்பு முடிந்த வயல் மாதிரி அமைதியாகக் கிடந்தது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அது அவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டதில்லை.

"ஏதாச்சும் தெரியுதா சார்?" என்றார் அவர்.

"இன்னும் இல்லைங்க. கொஞ்சம் பொறுங்க."

அரை மணி முடிந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு தலைமையாசிரியர் பார்த்தால் எப்படி இருக்கும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். பொய்யை நிரூபிக்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. உண்மையைச் சொல்லிவிட்டு அதற்குச் சொந்த வயிறே ஒத்துழைக்காமல் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

"அம்மா, மோர் இருக்கா?" என்றேன்.

கொண்டுவந்தார். குடித்தேன். காத்திருந்தேன். ஒன்றுமில்லை.

"இன்னொரு டம்ளர் குடுங்க."

அதையும் குடித்தேன். வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். தண்ணீர்ப் பானையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். அது என் கை போட்ட சத்தம், சாட்சியில் சேராது.

"இன்னொன்னுங்கம்மா" என்றேன். குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. "நெய் இருந்தா அதுலயே கொஞ்சம் போட்டுக் குடுங்க. வீட்ல இதுக்குள்ள பெரிய கலாட்டாவே நடந்திருக்கும். சத்தியமா நடந்திருக்கும். இன்னிக்குன்னு பார்த்து இப்படிப் பண்ணுதே! மூணாவது டம்ளர்ல கண்டிப்பா கெட்டுடுங்கம்மா. குடுங்க!"

பவுனம்மாள் மூன்றாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று பயந்தேன். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு. அடக்க அடக்க வெடித்துக்கொண்டு வருகிற சிரிப்பு. டம்ளரிலிருந்து மோர் தரையில் சிந்தியது.

"ஐயோ... என்னங்க..." என்று கணவரைப் பார்த்துத் திணறினார். "வயிறு கெடலையேன்னு... ஒரு மனுசன்... அழுவறாருங்க..."

"நான் அழுவலைங்கம்மா" என்றேன். கண் கலங்கித்தான் இருந்தது.

"நம்மகிட்ட வந்தவங்க எல்லாம் வயிறு கெட்டுடும்னு சாப்பிடாம போனாங்க. இவரு வயிறு கெடலைன்னு இன்னும் குடு, இன்னும் குடுங்கறாரு. இந்த மாதிரி ஒரு ஆளுக்குப் பொய் சொல்ல வருமாங்க? அதுக்கெல்லாம் கொஞ்சமாச்சும் சூது வேணும்!"

கலியபெருமாள் சிரிக்கவில்லை. எழுந்துவந்து, பவுனம்மாள் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்சமிருந்த மோரைத் தானே குடித்தார்.

"போதும் சார்" என்றார். "இதுக்கு மேல குடிச்சா நிஜமாவே கெட்டுடும்."

"அப்ப நம்புறீங்களா சார்?"

"உங்க வயித்தை நம்பலை. அது ஒண்ணும் சொல்லலையே." டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாண விஷயமா நேத்து உங்க வீட்டாரோட சாப்பிட்டுப் பேசணும்னு நினைச்சிருந்தேன். இன்னிக்குச் சாப்பிட்டாச்சு. பேசலாம்."

பேசினோம். பஸ் நிறுத்தம்வரை அவரே கூட வந்தார். பஸ் கிளம்பும்போது பவுனம்மாள் கொடுத்தனுப்பிய ஒரு தூக்குவாளியை ஜன்னல் வழியாக நீட்டி, "தயிருங்க. வழியில சாட்சி வேணும்னா குடிச்சுக்கச் சொன்னா" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. அது வேடிக்கைப் பேச்சு என்பது திருவாரூர் தாண்டியபிறகுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் வயிறு சாது. அக்காவுக்கும் யாழினிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் டப்பாவைத் திறந்து, நாளெல்லாம் பிரிந்திருந்த பாதாம் லட்டுகளை அடுத்தடுத்து வாயில் போட்டேன். சிறிது நேரத்தில் தவில், நாதஸ்வரம், ஒத்து, ஜால்ரா எல்லாம் சேர்ந்துகொண்டன. மாலதி அறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"காலையிலேருந்து பால், தயிர், மோர் எல்லாம் குடிச்சீங்க. ஒண்ணும் ஆகலை. இப்ப என்ன தின்னீங்க?"

லட்டு டப்பாவை அவளிடம் காட்டினேன்.

டாக்டரிடம் போனபோது அவரும் லட்டைத்தான் காரணம் சொன்னார். சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற இனிப்பு சிலருக்கு வயிற்றைப் புரட்டும், அதை இப்படி அள்ளித் தின்றால் யாருக்குமே புரட்டும் என்றார். ஆரம்பத்தில் கிலோக்கணக்கில் பனீர் தின்றதும் ஒரு காரணமாக இருக்கலாமாம். பாவம், நிறுத்தினபிறகும் பால்தான் அநியாயமாகப் பழி சுமந்திருந்தது. "உங்ககிட்ட நான் கொஞ்சம் குறைக்கத்தானே சொன்னேன்?" என்று கேட்டார். ‘கொஞ்சம்’ இந்தத் தடவை காதில் விழுந்தது. இப்போது மத்தியானம் ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் மோர். சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டாமல் நிற்கிறது.

மாசியில் கல்யாணம் நடந்தது. பெரியப்பா வரவில்லை. அவருடைய மகன்கள் வந்து இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் என்னை உட்காரவைத்து, பரிமாறுகிறவர்களைத் தள்ளிவிட்டுப் பவுனம்மாளே பரிமாறினார். "தம்பிக்கு மூணு டம்ளர்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கதை அதற்குள் கீழ்வேளூர் தாண்டி நாகப்பட்டினம்வரை போயிருந்தது.

இப்போது இரண்டு குடும்பத்திலும் அது வழக்கமாகிவிட்டது. யார் பேச்சிலாவது சந்தேகம் வந்தால், "மோர் குடிக்கிறியா?" என்று கேட்பார்கள். சத்தியம் செய் என்று அர்த்தம். ஆபீஸில் வேலை அதிகம், பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அன்பரசன் போனில் சொன்னால், "மோர் குடிப்பீங்களா மாப்ள?" என்பாள் அக்கா. அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார். யாழினியின் மகள் பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்தால், அவளுக்கும் இதே பரீட்சைதான்.

போன மாதம் நான் கீழ்வேளூர் போயிருந்தேன். கலியபெருமாளுக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது. ஒழுங்காக மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன்.

"ஒரு வேளை தவறினது கிடையாது சேகரு" என்றார், தலைமையாசிரியரின் அதே கனத்த குரலில்.

பவுனம்மாள் எழுந்து உள்ளே போனார். ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கடிகாரத்தையும் பார்த்தார்.

"அந்த மாத்திரையை எங்க வச்சிருக்க?" என்றார்.